பொறுமையில் முதல் வீடு

தெருவில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. மின் வாரியத்தின் ரசீதைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே பேக்கரிக்குப் போய், சூடு ஆறாத ரொட்டியைத் தட்டுத் தட்டாக வண்டியில் அடுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி கேன்டீன், மாணவர் விடுதி, கடைவீதி என்று ஒரு சுற்று வருவார். அந்தச் சுற்றுக்கு அவர்கள் தொழிலில் ‘லைன்’ என்று பெயர். லைன் கையில் இருக்கிறவரைக்கும் ரொட்டிக்காரர் ராஜா. ரொட்டி நேரத்துக்குப் போகாவிட்டால் கேன்டீன்காரர் வேறு பேக்கரிக்குப் போன் போடுவார். முதலாளி லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். பழகிய முகம், பல வருஷத்து உழைப்பு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இந்த மனிதருக்கு ஒரு மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மின் வாரியத்தின் தேவை மேலாண்மைப் பிரிவில் உதவித் துணை இணை மேலாளர். இதில் எவ்வளவு உதவி, எவ்வளவு துணை என்று அவருக்கே தெரியாது. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் அவரும் அதை ஆராயப் போகவில்லை. அண்ணன் சொன்னால் அவர் தங்கைக்கு மறுபேச்சு கிடையாது. மனைவி சொன்னால் ரொட்டிக்காரருக்கு மறுபேச்சு கிடையாது. ஆகவே மச்சான் வாய் திறந்தாலே அந்த வீட்டில் அது தீர்மானமாக நிறைவேறிவிடும்.

“டீசல் வண்டியெல்லாம் இனிமே ஓடாது மாப்ள. வித்துட்டு பேட்டரி வண்டி எடுங்க. சாயங்காலம் வந்து சொருகிட்டுப் படுத்தா, காலைல எழுந்து போய்க்கிட்டே இருக்கலாம்” என்றார் மச்சான். ரொட்டிக்காரர் விற்றார், எடுத்தார், சொருகினார். கொஞ்ச காலம் எல்லாம் அவர் சொன்னபடியேதான் நடந்தது.

தெருவில் ஆளாளுக்குப் பேட்டரி வண்டி வாங்கிய பிறகுதான், வாங்கச் சொன்ன வாரியத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாயங்காலம் எல்லோரும் வேலை முடிந்து வந்து ஒரே சமயத்தில் வண்டியைச் சொருகினால், தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாங்காது. பெரிய டிரான்ஸ்பார்மராக வைத்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒரு பொறியாளர் சொன்னாராம். இவ்வளவு அற்பமான யோசனையைச் சொன்னதற்காக அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் ‘இல்லத் தோழன்’.

தோழன் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டுத் தோழனும் தெருவின் மற்றத் தோழர்களோடு பேசி, இருக்கிற மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். எந்த வீட்டுக்கு எப்போது எவ்வளவு என்பதை முடிவு செய்வது அதுதான்.

“நியாயந்தானே. இருக்கறதை எல்லாரும் பங்கு போட்டுக்க வேண்டியதுதான்” என்றார் ரொட்டிக்காரர்.

“அதைத்தான் மாப்ள நானும் சொல்றேன். முதல் மாசம் தோழன் எதுவும் செய்யாது, சும்மா பார்த்துக்கிட்டே இருக்கும். அதுக்குக் கற்றல் மாதம்னு பேரு. இந்த வீட்டுக்கு என்ன தேவைன்னு அது கத்துக்கும். இந்த மாசம் நீங்க எவ்வளவு சிக்கனமா இருக்கீங்களோ, அவ்வளவுக்கு அது உங்களை மதிக்கும்.” பிறகு மச்சான் தங்கையின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ.”

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். மோட்டார் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு, பரண்மேல் கிடந்த கால்மிதி மிஷினை இறக்கி எண்ணெய் விட்டாள். இஸ்திரி போடாமல் துணியை மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்தாள். பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது விளக்கைக் கையோடு அணைத்துவிட்டுத் தடவிக்கொண்டே நடந்தார்கள். ரொட்டிக்காரரின் கால் சுண்டுவிரல் கதவு நிலையில் இடித்து வீங்கியது. அவரும் தம் பங்குக்கு, வண்டியை வீட்டில் சொருகாமல், மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பேக்கரிக்குப் பின்னால் இருந்த பொதுச் சார்ஜிங் நிலையத்தில் வரிசையில் நின்றார். ஒரு மாசம்தானே.

எதிர்வீட்டில் ஒரு வக்கீல் இருந்தார். அவரிடம் நீளமான பேட்டரி கார் ஒன்று உண்டு. கழுவுவதற்காக வெளியே வரும், கழுவியதும் உள்ளே போய்விடும். கற்றல் மாதத்தில் அந்த வீட்டில் ஆளில்லாத அறைகளில்கூட விளக்கு எரிந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி ஓடியது. கார் எந்நேரமும் சொருகியே கிடந்தது.

“தோழன் பார்த்துக்கிட்டிருக்குதேன்னு ஒரு பயம் இருக்கா பாருங்க. பாவம், விவரம் தெரியாதவங்க” என்று ரொட்டிக்காரரின் மனைவி நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

மாதம் முடிந்தது. தோழன் கண் விழித்தது. முதல் நாள் சாயங்காலம் ரொட்டிக்காரர் வண்டியை வீட்டில் சொருகிவிட்டு நிம்மதியாகப் படுத்தார். விடிகாலையில் போய்ப் பார்த்தால், பேட்டரி கிட்டத்தட்ட விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. போனில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘வாழ்த்துகள்! தங்கள் இல்லம் பொறுமை வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. தங்களுக்கு வீட்டில் வாகன மின்னேற்றம் தேவையில்லை என்பதைத் தோழன் கற்றுக்கொண்டது. தாங்கள் விட்டுக்கொடுத்த மின்சாரம் அவசர வகுப்பு இல்லமொன்றுக்கு உதவியது.’

அவசர வகுப்பு இல்லம் எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக் காரில் பச்சை விளக்கு நிறைந்து எரிந்தது.

ரொட்டிக்காரர் இருக்கிற மின்சாரத்தோடு கிளம்பினார். ஆஸ்பத்திரிக்கு முந்தைய மேட்டில் வண்டி படுத்துக்கொண்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கதவில் கொடுத்துத் தள்ளினார். கேன்டீன்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். “நோயாளிங்களே உங்களைவிட வேகமா வர்றாங்க” என்றார். மிச்சக் கடைகளில் ரொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். பாதி தட்டு ரிட்டர்ன்.

பேக்கரி முதலாளி கத்துகிறவர் இல்லை. அதுதான் அவரிடம் பயம். “வண்டியைச் சரி பண்ணிக்கங்க” என்று மட்டும் சொன்னார்.

ரொட்டிக்காரர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். கட்டடத்துக்கும் ஒரு தோழன் இருந்தபடியால் லிப்ட் ஒரு மாடி ஏறும், பிறகு யோசிக்கும். படியேறிக் குறைகேட்பு அறைக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். அவர் மேஜையில் மட்டும் ஒரு குட்டி மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

அம்மாள் முழுவதும் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. “எவ்வளவு அழகா, நிதானமா சொல்றீங்க! காலைலேர்ந்து வந்தவங்க எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க. உங்க நிதானத்தையும் பதிவு பண்ணிடறேன்.”

“பதிவு பண்ணா என்ன ஆகும்மா?”

“உங்க பொறுமைக் குறியீடு ஏறும்.”

“ஏறினா?”

“மின்சாரம் இன்னும் கொஞ்சம் குறையும். பொறுமையா இருக்கறவங்களால பொறுத்துக்க முடியும் இல்லையா? பொறுத்துக்க முடியாதவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். அதுதானே மனிதாபிமானம்.”

“அப்போ நானும் மேஜையைத் தட்டணுமா?”

“இப்ப தட்டினா நடிப்புன்னு ஆயிடும் சார். வகுப்பை மாத்தணும்னா மேல்முறையீடு செய்யலாம். பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் காத்திருந்துட்டீங்கன்னா, உங்களால காத்திருக்க முடியும்னு நீங்களே நிரூபிச்ச மாதிரி ஆயிடும். மேல்முறையீடு தள்ளுபடி ஆயிடும்.” அம்மாளுக்கே அது வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடு விசிறியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஊதாரியாக இருந்து பார்த்தார். எல்லா விளக்கையும் போட்டார். மனைவி மோட்டார் மிஷினைத் துணியே இல்லாமல் ஓட விட்டாள். இஸ்திரிப் பெட்டி அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருந்தது. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து குற்றவாளிகளைப் போலத் தோழனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் வீடு முழுவதும் இருண்டது. ‘தங்கள் இல்லத்தில் இயல்புக்கு மாறான நடத்தை தெரிகிறது. யாரோ அத்துமீறி நுழைந்திருக்கக்கூடும். பாதுகாப்புக் கருதி இணைப்பு நிறுத்தப்படுகிறது. தைரியமாக இருங்கள்.’

இப்படியே நாட்கள் போயின. பொதுச் சார்ஜிங் நிலையமும் தோழனின் பொறுப்புக்கு வந்துவிட்டது. பொறுமை வகுப்பு என்று தெரிந்ததும் அது ரொட்டிக்காரரை வரிசையின் கடைசிக்கு அனுப்பியது. வண்டி இன்ன இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாமல் போனது. வழியில் இருக்கிறவர்கள் தள்ளிக்கொடுக்கப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, அதே தாழ்ந்த குரலில், “இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்” என்றார். லைன் போய்விட்டால் அந்த வயதில் எந்தப் பேக்கரி அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் போனில் பேசவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“நல்ல சேதியோட வந்திருக்கேன். இந்த வட்டாரத்துலேயே பொறுமைல முதல் வீடு உங்க வீடுதான். வாரியத் தலைவரே வர்றார். வெளியூர்லேர்ந்தெல்லாம் பார்வையாளர்கள் வர்றாங்க. உங்களுக்குக் கேடயம்.”

“கேடயம் கிடக்கட்டும் மச்சான். வண்டிக்குக் கரண்டு வேணும். லைன் போயிடும்போல இருக்கு.”

“அதுக்குத்தானே வந்திருக்கேன். விழா முடிஞ்ச மறுநாளே உங்களை அவசர வகுப்புக்கு மாத்திடறேன். தலைவர் கையெழுத்தை நானே வாங்கறேன். ஆனா விழா அன்னிக்கு வீடு எப்பவும்போல இருக்கணும். முதல் நாள் சாயங்காலம் வண்டியைச் சொருகவே வேண்டாம். ஒரே ஒரு நாள் லீவு போடுங்க மாப்ள.”

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். “அண்ணன் சொல்றாருல்ல” என்றாள் அவள். அவர் முதலாளியிடம் போய் லீவு கேட்டார். முதலாளி நிமிர்ந்து பார்க்காமல் நோட்டில் ஏதோ எழுதினார். “சரி, மாத்து ஆளை வச்சுக்கறேன்” என்றார். மாற்று ஆளிடம் டீசல் வண்டி இருந்தது.

விழா அன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் வரிசையாக வீட்டுக்குள் வந்து, இருட்டுச் சமையலறையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். கால்மிதி மிஷினைத் தொட்டுப் பார்த்தார்கள். ரொட்டிக்காரரைத் தடவிக்கொண்டே நடந்து காட்டச் சொன்னார்கள். அவர் நடந்தார், இடித்துக்கொண்டார், கைதட்டினார்கள். ஒரு பெண் அவருடைய வீங்கிய சுண்டுவிரலை மட்டும் தனியாகப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள். அங்கே ஆளுயர மின்விசிறிகள் சுழன்றன, மேடையில் பகலிலேயே விளக்குகள் எரிந்தன. அத்தனைக்கும் மின்சாரம் அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் வந்தது. அது முணுமுணுக்கக்கூட இல்லை.

தலைவர் கேடயத்தை ரொட்டிக்காரரின் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“மின்சாரம் குடுக்கறது பெரிய விஷயம் இல்லை. கம்பி இழுத்தா யார் வேணும்னாலும் குடுக்கலாம். குடுக்காம இருந்து, அதுக்கு நன்றியும் வாங்கறோமே, அதுக்குப் பேருதான் நிர்வாகம்.” பலத்த கைதட்டல். “இன்னிக்கு ஒரு உண்மையைச் சொல்றேன். கற்றல் மாதத்துல எங்களுக்கு ஒரு நெருக்கடி. தோழன் எப்படிக் கத்துக்கும்னு எங்க அதிகாரிங்களுக்குத் தெரியும். அதனால எல்லாரும், நான் உட்பட, வீட்ல ஏசி, ஹீட்டர் எல்லாத்தையும் நிறுத்தாம ஓட விட்டோம். வேண்டியவங்களுக்கும் சொல்லி வச்சோம். இப்படி எல்லாரும் அதிகமா காட்டினா கணக்கு எப்படி நேராகும்? தெருவுக்கு ஒரு வீடாவது குறையணுமே! யாரும் முன்வரலை. அப்போ ஒருத்தர் எழுந்தார். ‘ஐயா, என் தங்கச்சி வீடு இருக்கு. நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டாங்க’ன்னார். சொந்தத் தங்கச்சியையே குடுத்தாரு! இந்தத் தியாகத்துக்கு என்ன கைம்மாறு? இன்னிலேர்ந்து அவர் முழு மேலாளர்.”

மச்சான் எழுந்து பணிவோடு கும்பிட்டார்.

ரொட்டிக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மனைவியின் பக்கம் திரும்பினார். பக்கத்து நாற்காலியில் இருந்த எதிர்வீட்டு வக்கீல் குனிந்து, “உங்களுக்கு விஷயம் தெரியாதா? எங்களுக்கு அவர்தானே வீடு தேடி வந்து சொன்னார், எல்லாத்தையும் போட்டு விடுங்கன்னு. நாங்க நீங்க ஏதோ கொள்கைக்காகப் பண்றீங்கன்னு நினைச்சோம்” என்றார். ரொட்டிக்காரரின் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை அறுத்தது யார் என்று தெரிந்த பிறகும், கை தன்பாட்டில் எல்லோரோடும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் பேக்கரிக்குப் போனபோது மாற்று ஆள் தட்டுகளை ஏற்றி முடித்திருந்தார். முதலாளி வெளியே வந்தார். “கேன்டீன்காரர் இவரே வரட்டும்னு சொல்லிட்டார். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார். சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ரொட்டிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, காலி வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்.

லைன் போன பிறகு வண்டி வாசலில் சும்மா நின்றது. பகலில் யாருக்கும் மின்சாரம் வேண்டாத நேரமாகப் பார்த்துத் தோழன் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. ஓடாத வண்டிக்குச் செலவேது? ஒரு வாரத்தில் பேட்டரி தளும்பிவிட்டது. ‘வாழ்த்துகள்! தங்கள் வாகனம் முழுமையாக நிறைந்துள்ளது’ என்று செய்தி வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் வந்தார். புது மேலாளருக்குப் புதுச் செருப்பு. வாசலில் நின்று வண்டியை எட்டிப் பார்த்தார். “பாருங்க, ஃபுல்லா இருக்கு! நான் சொன்னா செய்வேன்ல?”

யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவரே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“லைன் போனதைக் கேள்விப்பட்டேன் மாப்ள. கவலையே படாதீங்க. அடுத்த மாசம் பக்கத்துத் தெருக்கள்ல கற்றல் மாதம் ஆரம்பிக்குது. தெருவுக்கு ஒரு வீடு வேணும். நீங்க ரொட்டி போட்டுப் பழகின தெருக்கள். நல்ல மனுஷன்னு எல்லாருக்கும் உங்களைத் தெரியும். நீங்க போய் சிக்கனத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா எவனாவது ஒருத்தன் கேப்பான். வாரியத்துல சம்பளத்துக்குப் போட்டுடறேன்.”

ரொட்டிக்காரர் முதல்முறையாக மச்சானுக்குத் தலையாட்டவில்லை. “எனக்கு வேண்டாம்” என்றார்.

மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். “அண்ணா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. எதிர்வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் போட்டு விடச் சொன்ன. எங்களை ஏன் அணைக்கச் சொன்ன?”

மச்சான் கோபப்படவில்லை. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. “இதென்ன கேள்வி? வக்கீல்கிட்ட போய் சிக்கனமா இருங்கன்னா கேப்பாரா? ஆபீஸ்ல என் பேச்சை எவன் நம்பறான்? என் வீட்ல உன் அண்ணி நம்புவாளா? என்னை நம்பறதுக்கு எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா, சொல்லு.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பாசம் இருந்தது. பொய்ப் பாசம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் போய் வாசல் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். “கெளம்புண்ணா. இனிமே வராதே.”

மச்சான் பேந்தப் பேந்த விழித்தார். தங்கை விளையாடுகிறாளோ என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் எழுந்து, புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி நின்று திரும்பினார். முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

“அப்போ அடுத்த திட்டத்துக்கு நான் யார்கிட்ட போவேன்?”

அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள். அவளுக்கும் வேறு அண்ணன் கிடையாது.